மின் இருசக்கர வண்டிகளுக்குத் தெருவிலும் பூங்காவிலும் விதி வகுத்து நடைமுறைப்படுத்துவது எப்படி: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் குடியிருப்புப் பகுதியிலும் அதையொட்டிய மாநகராட்சிப் பூங்காவிலும் பேட்டரி வண்டிகளுக்கான விதிகளை எழுதி நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலையில் முழுவதுமாக ஈடுபட்டிருந்தேன். பின்னர் அண்டைப் பகுதிச் சங்கங்கள் சில அதே வேலையில் இறங்கியபோது உடனிருந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லோருமே ஒரே இடத்தில் தடுக்கினார்கள். ‘மின் வண்டிகளுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகையை முதலில் மாட்டிவிட்டு, அப்படி மாட்டத் தங்களுக்கு அதிகாரம் உண்டா, எந்த வண்டியை அந்தப் பலகை குறிக்கிறது என்பதையெல்லாம் பிறகு தேடினார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முந்தைய படியின் விடை இல்லாமல் அடுத்த படியைச் செய்ய முடியாது என்பதால்தான் இந்த வரிசை.

தமிழ்நாட்டின் நகர்ப்புறச் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சட்டப் பிரிவுகள் பெரும்பாலும் மத்தியச் சட்டத்தினுடையவை என்பதால் பிற மாநிலங்களில் வாழ்வோரும் பெரும்பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

உங்கள் பகுதியின் வரைபடம் ஒன்று, சங்கத்தின் துணைவிதிகளின் நகல், 50 மீட்டர் அளவு நாடா, சுண்ணக்கட்டி, நிறுத்துக் கடிகாரம் உள்ள கைப்பேசி, கோடு போட்ட நோட்டு ஒன்று ஆகியவை போதும். ஆட்கள் நான்கு பேர் வேண்டும். அவர்களில் ஒருவராவது மின் வண்டி ஓட்டுபவராக இருக்கட்டும். ஓட்டாதவர்கள் மட்டும் கூடி எழுதிய விதிகளை ஓட்டுபவர்கள் முதல் கூட்டத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

கால அளவு குறைந்தது இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி அல்லது நகராட்சியின் ஒப்புதல் தேவைப்படும் இடங்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும்.

2. வண்டிகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்

எல்லாமே இந்தப் படியைச் சார்ந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடுகிறது என்பதால் மட்டும் ஒரு வண்டிக்குச் சட்டத்தில் தனி இடம் கிடைத்துவிடுவதில்லை. சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: அது மோட்டார் வாகனமா, இல்லையா?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் உள்ள 2(யு) விதி சில பேட்டரி வண்டிகளை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அதற்கு மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.-க்குக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரியை நீக்கிய எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. தக்க பிரேக்குகளும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு நிற ஒளித்திருப்பிகளும் (ரிஃப்ளெக்டர்) இருக்க வேண்டும். பெடல் மிதித்தால் மோட்டார் துணைசெய்யும் மிதிவண்டிகளில், வேகம் 25 கி.மீ.-ஐத் தொடும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். இவை அனைத்தையும் ஒரு சோதனை நிறுவனம் ஆராய்ந்து சான்றளித்திருக்க வேண்டும் என்பதுதான் பலரும் கவனிக்காத நிபந்தனை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. ஆகியவை அத்தகைய நிறுவனங்கள்.

இதன்படி முதல் வகை, சான்று பெற்ற குறைவேக வண்டி. அதற்குப் பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் சட்டப்படி தேவையில்லை. இரண்டாம் வகை, பச்சை நிற எண் பலகை உள்ள மின் ஸ்கூட்டர். சொந்தப் பயன்பாட்டு வண்டியில் எழுத்து வெள்ளையாகவும், வாடகை அல்லது வணிகப் பயன்பாட்டு வண்டியில் மஞ்சளாகவும் இருக்கும். சட்டத்தின் கண்ணில் இதற்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் வேறுபாடு இல்லை. மூன்றாம் வகைதான் சிக்கலுக்கெல்லாம் ஊற்று. எண் பலகை இருக்காது, ஆனால் 40, 45 கி.மீ. வேகத்தில் பறக்கும். குறைவேக வண்டியாக வாங்கி வேகக் கட்டுப்பாட்டை நீக்கியதாக இருக்கலாம், அல்லது சான்றே இல்லாமல் விற்கப்பட்டதாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் சட்டப்படி அது பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனம்.

புதியவர்கள் இங்கே மூன்று தவறுகளைச் செய்கிறார்கள்.

முதலாவது, வண்டியின் மேல் ‘250 வாட்’ என்று ஒட்டியிருப்பதைச் சான்றாக எடுத்துக்கொள்வது. முப்பது நிமிடத் திறன் என்பது மோட்டார் அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன். ஏற்றத்தில் ஏறும்போது சில நொடிகளுக்கு அதே மோட்டார் அதைவிடக் கூடுதலாக இழுக்கலாம். எனவே ஒட்டுவில்லையை விட்டுவிட்டு, விற்பனையாளரிடமிருந்து சோதனைச் சான்றின் நகலைக் கேட்டு, அதில் உள்ள மாடல் பெயரும் வண்டியின் மாடல் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதே சரியான வழி.

இரண்டாவது, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுழலவிட்டு, வேகமானியைப் பார்த்து முடிவு கட்டுவது. சுமை இல்லாத சக்கரம் சாலையில் ஓடுவதைவிட வேகமாகச் சுழலக்கூடும். அந்த எண்ணைக் காட்டி ஒருவரைக் குற்றம் சாட்டினால், மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து அவர் உங்களைத் தலைகுனிய வைத்துவிடுவார். எங்களுக்கு அது நடந்தது.

மூன்றாவது, பெடல் இருந்தால் சைக்கிள் என்று நினைப்பது. அலங்காரத்துக்குப் பெடல் மாட்டிய, ஆக்சிலரேட்டரைத் திருகினாலே 40 கி.மீ. போகும் வண்டிகள் இருக்கின்றன. பெடல் இருப்பது விலக்கு பெறப் போதாது.

காவலாளிக்கு இவ்வளவையும் சொல்லிக் குழப்ப வேண்டாம். பச்சைப் பலகை இருந்தால் ஸ்கூட்டரைப் போல நடத்த வேண்டும், பலகை இல்லையென்றால் வேகத்தைக் கவனித்துக் குறிக்க வேண்டும் என்ற இரண்டு வரியே அவருக்குப் போதுமானது.

3. இடம் யாருடையது என்று வரைபடத்தில் குறியுங்கள்

வரைபடத்தில் மூன்று நிறம் தீட்டுங்கள். பொதுச் சாலையும் அதன் நடைபாதையும் ஒரு நிறம். உள்ளாட்சி அமைப்பின் பூங்கா, விளையாட்டுத் திடல், ஏரிக்கரை நடைபாதை போன்றவை இன்னொரு நிறம். சங்கத்துக்கோ அடுக்குமாடி உரிமையாளர்களுக்கோ சொந்தமான உள்பாதையும் வண்டி நிறுத்துமிடமும் மூன்றாவது நிறம்.

சங்கம் தானே விதி செய்யக்கூடியது மூன்றாவது நிறத்தில் மட்டும்தான். முதல் இரண்டிலும் உங்கள் வேலை கோரிக்கை வைப்பதும் தொடர்ந்து கேட்பதும் ஆகும். இதை ஏற்றுக்கொள்ள மறுத்துத் தெருமுனையில் சொந்தமாக இரும்புச் சங்கிலி கட்டிய சங்கம் ஒன்றை அறிவேன். சங்கிலியை அவர்களே ஒரே வாரத்தில் அவிழ்க்க நேர்ந்தது.

எல்லையில் ஒரு நுணுக்கம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 2(34) பிரிவு, பொதுமக்கள் நுழைய உரிமையுள்ள எந்தச் சாலையும் இடமும் ‘பொது இடம்’ என்கிறது. வாயில் வைத்து வாட்ச்மேன் நிறுத்தியிருந்தாலும், மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்ட மனைப்பிரிவுச் சாலை உங்களுடையது ஆகாது. மனைப்பிரிவு ஒப்புதல் வரைபடத்தையும், சாலை தானமாக எழுதிக் கொடுக்கப்பட்ட பத்திரத்தையும் பார்த்த பிறகே நிறம் தீட்டுங்கள்.

4. ஒரு வாரம் எண்ணுங்கள், வேகத்தை அளவிடுங்கள்

புகார் சொல்பவரின் நினைவில் எல்லா வண்டியும் அறுபதில்தான் போகும். எண்ணாமல் எழுதிய விதி தவறான ஆளைப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஏழு நாள், காலையில் நடைப்பயிற்சி நேரத்திலும் மாலையில் ஐந்து முதல் ஒன்பது வரையிலும் உட்காருங்கள். நேரம், வண்டியின் வகை, ஓட்டியவர் மாணவரா, உணவு விநியோக ஊழியரா, குடியிருப்பவரா, எங்கிருந்து நுழைந்து எங்கே போனார் என்பவற்றைக் குறியுங்கள். பெயரும் முகமும் இந்தப் படியில் வேண்டாம். நாங்கள் உட்காரும் முன்பு, பூங்காவுக்குள் வண்டி ஓட்டுபவர்கள் விநியோக ஊழியர்கள்தாம் என்று சத்தியம் செய்யாத குறையாக நம்பியிருந்தோம். எண்ணிப் பார்த்தபோது, டியூஷனுக்குக் குறுக்கு வழியாகப் போகும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தாம் அதிகம் என்று தெரிந்தது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது நிலவிய அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வேகத்தை அளக்க ரேடார் கருவி தேவையில்லை. நேரான இடத்தில் 50 மீட்டர் இடைவெளியில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டு, முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் கடிகாரத்தைத் தொடங்கி, இரண்டாம் கோட்டில் நிறுத்துங்கள். 18 நொடி ஆனால் வேகம் மணிக்கு 10 கி.மீ. 12 நொடி என்றால் 15 கி.மீ. 7.2 நொடி என்றால் 25 கி.மீ. 4 நொடி என்றால் 45 கி.மீ. கை சற்று முன்பின்னாக இருக்கும் என்பதால் இடைவெளியை 50 மீட்டருக்குக் குறைக்காதீர்கள். பத்து மீட்டர் தூரத்தில் அளந்தால் கால் நொடிப் பிழைகூட விடையைப் பெரிதும் மாற்றிவிடும். அளப்பவர் கண்ணில் படாத இடத்தில் நிற்க வேண்டும். கோட்டருகே நான்கு பெரியவர்கள் நோட்டுடன் நின்றால் யாரும் வேகமாக வரமாட்டார்கள்.

இந்த அளவீடு எங்கே, எப்போது சிக்கல் என்று உங்களுக்குக் காட்டும். ஒருவருக்கு அபராதம் விதிக்கும் ஆதாரமாக அது செல்லாது. அதற்குக் காவல்துறையின் முறையான கருவி வேண்டும்.

எண்களைக் கூட்டத்தில் சொல்லும்போது வேகத்தை மட்டும் சொன்னால் யாருக்கும் உறைக்காது. நிற்கும் தூரமாக மாற்றிச் சொல்லுங்கள். 25 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர் பதறி பிரேக் பிடிப்பதற்குள் ஒரு நொடியில் ஏழு மீட்டர் போய்விடுவார். நல்ல பிரேக் என்றாலும் நிற்க மேலும் ஆறு மீட்டர் ஆகும். 45 கி.மீ. வேகத்தில் இந்த மொத்தம் முப்பது மீட்டரைத் தாண்டும். மோதலின் ஆற்றலோ மூன்று மடங்குக்கும் மேல். மின் வண்டி ஓசையில்லாமல் வருவதால், நடப்பவர் திரும்பிப் பார்த்து ஒதுங்குவார் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

5. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய விதிகளை மட்டும் எழுதுங்கள்

வாயிலில் நிற்கும் காவலாளி ஐந்து நொடியில் ‘மீறல்’ அல்லது ‘மீறல் இல்லை’ என்று சொல்ல முடியாத விதியை எழுதாதீர்கள். ‘பாதுகாப்பாக ஓட்டவும்’ என்பதை யாரும் மீற முடியாது, ஏனெனில் எல்லோரும் தாம் பாதுகாப்பாகவே ஓட்டுவதாக நினைக்கிறார்கள். ‘250 வாட்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தடை’ என்பது காவலாளியைப் பொறியாளர் ஆக்குகிறது. ‘நடைபாதையில் வண்டியை ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிச் செல்லலாம்’ என்பதில் வாதத்துக்கு இடமே இல்லை. ஆள் இருக்கையில் இருக்கிறாரா, தரையில் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

நடைபாதை விதியை மின் வண்டிக்கு மட்டும் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோல் ஸ்கூட்டர் அதே இடத்தில் அதே வேகத்தில் போகும்போது அதை விட்டுவிட்டு இதைப் பிடித்தால், விதி வெறுப்பிலிருந்து வந்தது என்று தோன்றும். இடத்தையும் நடத்தையையும் பற்றி எழுதுங்கள். எந்திர வகையை, அதைச் சார்ந்தே அமையும் விதிகளில் மட்டும் குறிப்பிடுங்கள்.

எங்கள் வளாகத்துக்குக் கடைசியாக நின்ற வாசகங்கள் ஐந்துதான்:

நடைபாதையிலும் விளையாட்டுத் திடலிலும் எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது, தள்ளிச் செல்லலாம்.
உள்பாதையில் வேகம் மணிக்கு 15 கி.மீ.-க்கு மேற்படக் கூடாது.
எண் பலகை இல்லாத மின் வண்டிகளில் ஒருவருக்கு மேல் ஏறக் கூடாது.
பதினாறு வயதுக்கு உட்பட்டோர் வளாகத்துக்குள் மின் வண்டி ஓட்டக் கூடாது.
மாடிப்படி, நடைக்கூடம், மின்தூக்கியின் முன்பகுதி ஆகிய இடங்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது.

நான்காவது விதி ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். குறைவேக வண்டிக்கான விலக்கு வயது எதையும் குறிப்பிடுவதில்லை. அதனால் பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் வண்டியைக் கொடுத்த தந்தை, சட்டத்தில் தடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. எனவே சொந்த வளாகத்துக்கு வயதை நாங்களே வைத்தோம். பதினாறு என்பது எங்கள் பொதுக்குழு ஒத்துக்கொண்ட எண். நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம். வெளிச்சாலையில் இந்த விதி செல்லாது என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதிவிடுங்கள்.

விதிவிலக்கையும் இப்போதே எழுதுங்கள். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி, மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வண்டி, ஆம்புலன்ஸ், தோட்டப் பராமரிப்பு வண்டி ஆகியவற்றுக்கு விதி பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், முதல் நாளே தவறான ஒருவரைக் காவலாளி நிறுத்திவைப்பார்.

6. அதிகாரம் உள்ளவரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்

சொந்த வளாகத்துக்கு, விதியைப் பொதுக்குழுவில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, துணைவிதியில் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள். செயற்குழு ஐந்து பேர் கூடி வாட்ஸ்அப்பில் அறிவித்த விதி முதல் சண்டையிலேயே உடைந்துபோகும். அபராதம் வைப்பதானால் அது துணைவிதியில் இருக்க வேண்டும். உறுப்பினர்களிடம் மட்டுமே அதை வாங்க முடியும். வெளியாளிடமிருந்து, குறிப்பாக விநியோக ஊழியரிடமிருந்து, பணம் வாங்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை.

பூங்காவுக்கு, வார்டு உறுப்பினர் வழியாகவும் மண்டல அலுவலகத்துக்கு நேரடியாகவும் ஒரே மனுவைக் கொடுத்து, இரண்டிலும் பெறுகைச் சீட்டு வாங்குங்கள். உங்கள் எண்ணிக்கைப் பட்டியலை இணையுங்கள். ஏரியா சபைக் கூட்டம் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) நடக்கும் இடங்களில் அங்கே இதைத் தீர்மானமாக்கினால் கூடுதல் வலு. கேட்க வேண்டியது மாநகராட்சியின் பெயரால் ஒரு அறிவிப்புப் பலகை. சங்கத்தின் பெயர் போட்ட பலகை பூங்காவில் செல்லாது.

பொதுச் சாலைக்கு, வேக வரம்பு வைப்பதும், வண்டிகளைத் தடுப்பதும், போக்குவரத்துக் குறியீடு நடுவதும் முறையே மோட்டார் வாகனச் சட்டத்தின் 112, 115, 116 பிரிவுகளின்படி மாநில அரசிடமோ அது அதிகாரம் அளித்த அமைப்பிடமோ உள்ளன. போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு எழுதுங்கள். ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிக்காமல், எந்தத் தெரு, எந்த நேரம், என்ன வேண்டும் என்று எழுதினால்தான் பதில் வரும்.

7. பலகைக்கு முன் கட்டுமானம்

பூங்கா வாயிலில் தூண் நட்டால் வண்டி வராது என்று எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். மின் ஸ்கூட்டரின் கைப்பிடி அகலமும் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்கூட்டரை முழுக்கத் தடுக்கும் இடைவெளி சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறையில் இருக்கும்போது அப்படிக் கட்ட முடியாது, கட்டவும் கூடாது.

ஆகவே தடுப்பதைவிட வேகத்தைக் குறைப்பதைக் குறிக்கோளாக வையுங்கள். இரண்டு தடுப்புக் கம்பிகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கத்தில் சற்று இடைவெளி விட்டு அமைத்தால், நாற்காலி மெல்லத் திரும்பிப் போகும், ஸ்கூட்டர் ஓட்டுபவரோ காலை ஊன்றியே ஆக வேண்டும். கட்டும் முன் உண்மையான சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, சுண்ணக்கட்டியால் வரைந்த கோட்டில் திருப்பிப் பாருங்கள்.

குறுக்கு வழியாகப் பூங்காவைப் பயன்படுத்துபவர்களுக்கு மாற்று வழியும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் பூங்காவுக்குள் புகுந்ததற்குக் காரணம், பின்தெருவின் சாக்கடை மூடி உடைந்து கிடந்ததுதான். சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து மூடியை மாற்றிய பிறகு பாதிப்பேர் தாமாகவே அந்தப் பக்கம் போனார்கள்.

8. பலகை

படம் பெரிதாக, எழுத்து சிறிதாக இருக்கட்டும். சிவப்பு வட்டத்துக்குள் வண்டிப் படம் தடையைக் குறிக்கும் என்பது தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநில ஊழியருக்கும் புரியும். வாகனம் நுழையும் இடத்துக்கு முன்பே, திரும்பிச் செல்ல வசதி உள்ள இடத்தில் நடுங்கள். உள்ளே வந்த பிறகு கண்ணில் படும் பலகையால் பயனில்லை.

9. நடைமுறைப்படுத்துதல்: யார், எப்படி, எதுவரை

முதல் இரண்டு வாரம் சொல்லிப் புரியவைப்பது மட்டும்தான். நடைபாதைக்குள் வருபவரிடம், “தம்பி, இது நடக்குறவங்க பாதை. இறங்கித் தள்ளிட்டு வாங்க, இல்லைன்னா வலப்பக்கம் ரெண்டு நிமிஷம் சுத்திப் போயிடலாம்” என்று மாற்றுவழியையும் சேர்த்தே சொல்லுங்கள். சட்டப் பிரிவு எண்ணை முதல் வாக்கியத்தில் சொன்னால் பேச்சு சண்டையில்தான் முடியும். விநியோக ஊழியர்கள் நிமிடக் கணக்கில் ஓடுகிறவர்கள். வாயிலருகே பொருளை வாங்கிவைக்கும் மேசை ஒன்றைப் போட்டதும் அவர்களைப் பற்றிய புகார் பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஒருபோதும் செய்யக் கூடாதவை சில உண்டு. சாவியைப் பிடுங்காதீர்கள், சக்கரத்தில் பூட்டுப் போடாதீர்கள், வண்டிக்கு முன்னால் நின்று மறிக்காதீர்கள். போக உரிமையுள்ள திசையில் ஒருவரைப் போகவிடாமல் மறிப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தைக் காக்க வந்தவர் காவல் நிலையத்தில் குற்றம் சாட்டப்பட்டவராக உட்கார வேண்டியிருக்கும். மீறுபவரின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம், அதிலும் சிறுவர்களின் படம் கூடவே கூடாது. தேதி, நேரம், இடம், வண்டியின் அடையாளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதினால் போதும்.

மூன்றாம் வாரத்திலிருந்து, மீண்டும் மீண்டும் மீறுபவர்களை வகைப்படி பிரியுங்கள். உறுப்பினர் வீட்டு வண்டி என்றால் துணைவிதிப்படி கடிதம் கொடுங்கள். எண் பலகை உள்ள வண்டி பொதுச் சாலையிலோ நடைபாதையிலோ மீறினால், பதிவெண்ணுடன் போக்குவரத்துக் காவலருக்கு அனுப்புங்கள்.

எண் பலகை இல்லாமல் வேகமாகப் போகும் மூன்றாம் வகைக்குத்தான் சட்டம் கடுமையாக இருக்கிறது. பதிவில்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஆம் பிரிவின்படி முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம். உரிமம் இல்லாததற்கு 181-இன்படி 5,000 ரூபாய், காப்பீடு இல்லாததற்கு 196-இன்படி 2,000 ரூபாய், தலைக்கவசம் இல்லாததற்கு 194டி-இன்படி 1,000 ரூபாய் என்று தனித்தனியே சேரும். 207-ஆம் பிரிவின்படி காவலர் வண்டியைப் பிடித்து வைக்கலாம். ஓட்டியவர் சிறுவர் என்றால் 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது உரிமையாளர் மீதே வழக்கு வரும். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அந்தச் சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கும், சான்றில்லாத வண்டியை விற்றவருக்கும் 182ஏ பிரிவில் தனித் தண்டனை இருக்கிறது. விற்பனையாளருக்கு அது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை போகும்.

இவற்றை மிரட்டலாகப் பயன்படுத்தாமல், பெற்றோர் கூட்டம் ஒன்றில் அமைதியாக விளக்குங்கள். காப்பீடு இல்லாத வண்டி யாரையாவது இடித்தால் இழப்பீடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும் என்ற ஒரு செய்திதான் எங்கள் கூட்டத்தில் எல்லாப் பிரிவு எண்களையும்விட வேலை செய்தது. அடுத்த மாதத்தில் இரண்டு வீட்டார் தாமாகவே வேகக் கட்டுப்பாட்டை மீண்டும் பொருத்திக்கொண்டார்கள்.

சான்று பெற்ற குறைவேக வண்டி மோட்டார் வாகனம் இல்லை என்பதால் மேற்கண்ட பிரிவுகள் அதற்குப் பொருந்தா. அதனால் கைகட்டி நிற்க வேண்டும் என்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, பொதுவழியில் மனித உயிருக்கு ஆபத்து விளையும்படி எந்த வண்டியைக் கண்மூடித்தனமாக ஓட்டினாலும் குற்றம் என்கிறது. அங்கே ‘எந்த வண்டி’ என்றுதான் இருக்கிறது. ஆயினும் இது உண்மையிலேயே ஆபத்தான ஓட்டத்துக்கு மட்டும் உரியது. நடைபாதையில் மெதுவாகப் போன பெரியவர் மீது இந்தப் பிரிவில் புகார் எழுதிக் கொண்டுபோன ஒருவரைக் காவல் நிலையத்தில் எழுத்தர் எப்படிப் பார்த்தார் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை.

10. சார்ஜ் செய்யும் இடத்தை மறக்காதீர்கள்

பொது இடம் என்றால் சாலை மட்டும் என்று நினைத்து, மாடிப்படியடியை விட்டுவிடுகிறார்கள். 2022 மார்ச்சில் வேலூர் அருகே, வீட்டில் சார்ஜில் இருந்த மின் வண்டி இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின் ஸ்கூட்டர் விற்பனையகத்தில் பிடித்த தீயின் புகை மேல்தளத்து விடுதிக்குப் பரவி எட்டுப் பேர் இறந்தனர். இரண்டிலும் உயிரைப் பறித்தது பெரும்பாலும் புகைதான். மாடிப்படி என்பது புகை மேலேறும் வழியாகவும் மக்கள் கீழிறங்கும் ஒரே வழியாகவும் இருப்பதால், அங்கே சார்ஜ் செய்வதைத் தடுக்கும் விதியில் சலுகை எதுவும் கொடுக்காதீர்கள்.

தடை மட்டும் போட்டால் மூன்றாம் மாடியிலிருந்து ஒயர் தொங்கும். திறந்தவெளி நிறுத்துமிடத்தில், தனி மீட்டரும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் வைத்து, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு சார்ஜ் பாயின்ட் அமைத்த பிறகு தடையை அமலாக்குங்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும், வீங்கிய பேட்டரியை வளாகத்துக்குள் வைக்கக் கூடாது என்று அங்கேயே எழுதி ஒட்டுங்கள்.

11. மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள்

அதே கோடு, அதே நேரம், அதே ஏழு நாள். பள்ளி விடுமுறையில் எண்ணி, பள்ளி நாட்களின் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு வெற்றி என்று அறிவிப்பது இந்தப் படியின் வழக்கமான தவறு. எந்த விதியை ஒருவரும் மீறவில்லையோ அது தேவையற்றதா, அல்லது அதைக் காவலாளி கவனிப்பதே இல்லையா என்று பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கள் பட்டியலில் ஒருவருக்கு மேல் ஏறக் கூடாது என்ற மூன்றாவது விதி இரண்டாவது ரகம். அதை இப்போது நீக்குவதா, காவலாளிக்கு மீண்டும் சொல்லித்தருவதா என்பது அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.